காதுக்குள் களிமண்

ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்குக் குளித்தேன். முந்தின இரவும் குளித்துவிட்டுத்தான் படுத்தேன். அப்படியும் இடது காதிலிருந்து ஒரு மிளகளவு மண் உருண்டு வந்தது. காய்ந்த களிமண். ஹெல்மெட், அதற்குள் தீப்பிடிக்காத துணி முகமூடி, அதற்குள் காதடைப்பான் என்று மூன்று காவலையும் தாண்டி அது எப்படி உள்ளே போனது என்று புரியவில்லை. சனிக்கிழமை ரேஸில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான்.

சலூன் கார் ரேஸ் ஓட்டுகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் என் தலையைப் பார்க்கிறார்கள். நமக்குச் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. எனக்கோ வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. இந்தச் சலூன் வேறு. நாலு கதவு, பின்னால் டிக்கி என்று குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போகிற சாதாரண கார். அதன் சீட்டு, கண்ணாடி, கார்ப்பெட், உள்கூரை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு பற்ற வைத்து, ஓட்டுபவருக்கு மட்டும் ஒரு சீட்டு பொருத்தினால் ரேஸ் சலூன். முன்கண்ணாடி இருந்த இடத்தில் கம்பி வலை. கதவுகள் திறக்காது, வெல்டிங் வைத்து மூடியாகிவிட்டது. ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். 43 வயதில், தொப்பையோடு.

ஓடுவது ஒரு முட்டை வடிவ மண் டிராக்கில். எங்களுடையது ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். தார் கிடையாது, முழுக்கக் களிமண். எல்லோரும் இடது பக்கமாகவே சுற்ற வேண்டும். நல்ல சுற்று ஒன்றுக்கு 19 விநாடி ஆகும். கணக்குப் போட்டால் மணிக்கு 76 கிலோமீட்டர்தான் வருகிறது. "இதைவிட வேகமா நம்ம பஸ் போகுமேப்பா" என்றாள் மகள். அவள் ஏழாம் வகுப்பு. அவளே ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொண்டு என் ஒவ்வொரு சுற்றையும் எழுதுகிறவள், அதனால் எதிர்த்துப் பேச முடியாது. பஸ் 19 விநாடிக்குள் இரண்டு தடவை யூ டர்ன் அடிக்காது என்பதை மட்டும் சொல்லி வைத்தேன்.

எனக்கு இது இரண்டாவது சீசன். மெக்கானிக் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பிழைப்புக்கு அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்குக் கணக்கு எழுதும் வேலை. இருவரும் காரைத் தொடக் கற்றுக்கொண்டதே இந்தக் காரைக் கெடுத்துத்தான். மனைவி வருவாள், ஆனால் ரேஸைப் பார்க்க மாட்டாள். இழுவை வண்டிக்குள் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "வண்டியும் வருதா, நீங்க மட்டுமா?"

காலை 11 மணிக்கு ஆய்வு. ரேஸ் சாயங்காலம்தான் என்றாலும் இதில் தேறினால்தான் மற்றதெல்லாம். ஆய்வாளர் கூண்டின் பற்றுகளைத் தட்டிப் பார்த்தார். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சை வெளியிலிருந்து திருப்பச் சொன்னார், இன்ஜின் நின்றது, தலையாட்டினார். தீயணைப்பான் சரி. ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சான்று லேபிள் சரி. அப்புறம் சீட் பெல்ட்டைக் கையில் எடுத்து, மடிப்பைப் பிரித்து, அதிலே தைத்திருந்த சின்னத் துணி லேபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி லேபிளைப் பார்த்தார்.

ரேஸ் பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. எங்கள் பெல்ட்டில் இருப்பது எஸ்.எஃப்.ஐ. என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் தர அமைப்பின் லேபிள். அந்த முறையில் தயாரித்த நாளிலிருந்து இரண்டே வருஷம். பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலும் மண்ணும் நூலைத் தின்றுகொண்டே இருக்கும், இழுக்கிற அன்றைக்குத்தான் தெரியும். என் பெல்ட் முந்தின மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆபீஸில் பிறருடைய இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் தேதியை எல்லாம் நான்தான் ஞாபகப்படுத்துகிறேன். மச்சான் ஒன்றுமே சொல்லவில்லை. "மாமா, லேபிள்ல தேதி பார்த்தாச்சுன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டான். அதற்கு ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிட்டில், அதாவது ரேஸ் வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கிற இடத்தில், ஒரு நடை போனேன். ஆறு முனை பெல்ட் யாரிடமாவது கூடுதலாக இருக்குமா என்று வண்டி வண்டியாகக் கேட்டேன். 12-ஆம் நம்பர்க்காரர் கொடுத்தார். போன ரேஸில் என் பின் பம்பரைச் சப்பையாக்கியவர் அவர்தான். தன் தம்பி வண்டியிலிருந்து கழற்றியதாம், தம்பிக்குக் கை உடைந்து வீட்டில் இருக்கிறாராம். கை எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை. பெல்ட்டைத் தரும்போது, இதைப் போட்டுக்கொண்டு என்னை முந்தாமல் இருந்தால் சரி என்றார். அதில் பாதிதான் வேடிக்கை.

பெல்ட்டை மாற்றிப் பொருத்த ஒரு மணி நேரம் ஆனது. தோளில் வரும் இரண்டு பட்டைகளும் கழுத்துப் பாதுகாப்புக் கருவியின் மேல் சரியாக உட்கார வேண்டும். இதை ஹான்ஸ் என்பார்கள். தோளில் நுகத்தடி மாதிரி கிடக்கும், ஹெல்மெட்டோடு இரண்டு நாடாவால் இணைந்திருக்கும். வண்டி சுவரில் மோதினால் உடம்பு பெல்ட்டில் நின்றுவிடும், தலை நிற்காது. மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு முறிவது அப்படித்தான். 1981-ல் ஒரு நண்பர் விபத்தில் செத்த பிறகு அமெரிக்காவில் ராபர்ட் ஹப்பர்ட் என்ற பேராசிரியரும் ஜிம் டவுனிங் என்ற ரேஸ் ஓட்டுநரும் சேர்ந்து யோசித்துச் செய்தது இது. அவர்கள் இருவரும் என்ன உறவு தெரியுமா? மாமன் மச்சான். இதை மச்சானிடம் ஆறு தடவையாவது சொல்லியிருப்பேன். இத்தனைக்கும் பெரிய ரேஸ்காரர்களே பல வருஷம் இதைத் தொடவில்லை, தோளில் பாரம், கழுத்து திரும்பவில்லை என்றார்கள். 2001-ல் டேடோனா ரேஸில் அவர்களில் ஒருவரான டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். அந்த வருஷமே நாஸ்கார், அதாவது அமெரிக்காவின் பெரிய கார் ரேஸ் அமைப்பு, இந்த மாதிரிக் கருவியைக் கட்டாயமாக்கியது. ஃபார்முலா ஒன் 2003-ல். எனக்கும் கழுத்து திரும்புவதில்லைதான். இடது பக்கம் மட்டும் போகிற ரேஸில் எதற்குத் திரும்ப வேண்டும்?

ஆய்வாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆய்வில் தோற்பதற்கு இந்த ரேஸில் பெரிய பாரம்பரியமே உண்டு. நாஸ்காரின் முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் ரேஸ் (கடையில் வாங்கின காரை மாற்றாமல் அப்படியே ஓட்ட வேண்டும்), 1949 ஜூன் 19, சார்லட்டில் முக்கால் மைல் மண் டிராக். கிளென் டனவே என்பவர் முதலில் வந்து கொடி வாங்கினார். அப்புறம் வண்டியைச் சோதித்தால் பின் ஸ்பிரிங்கில் கைவரிசை. கள்ளச்சாராயம் கடத்தும் வண்டிகளுக்குச் செய்கிற வேலை அது: டிக்கி நிறையச் சரக்கு ஏற்றினாலும் வண்டி பின்னால் சாயாமல், போலீஸ் துரத்தினாலும் வளைவில் ஆடாமல் போகும். டனவேயை நீக்கிவிட்டு, லிங்கன் காரில் வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். வண்டியின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார், அங்கேயும் தோற்றார். அந்த வரிசையில் ஒரு காலாவதியான பெல்ட் பெரிய விஷயமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதியம் தண்ணி லாரி. எனக்கு ரேஸைவிடப் பிடித்தது இதுதான் என்று சொன்னால் மச்சான் சிரிப்பான். ஒரு பெரியவர் ஓட்டுகிறார். அவர் முதலில் லாரியில் ஏற மாட்டார். டிராக்கில் இறங்கி நடப்பார். நாலு எட்டுக்கு ஒரு தடவை குதிகாலால் ஒரு மிதி. பள்ளம் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பார். அப்புறம் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் திரி மாதிரி உருட்டுவார். திரி நீளமாக வந்தால் ஈரம் போதும். பாதியில் உடைந்து பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணி போதாது. விரலில் அப்பிக்கொண்டு உருளவே மாட்டேன் என்றால் போட்டது கூடிப்போய்விட்டது. பார்ப்பதற்கு யாரோ சப்பாத்தி மாவு பதம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

தண்ணி ஊற்றின கையோடு யாரும் வேகமாக ஓட முடியாது. மேலே சேறு, அடியில் கெட்டி. எனவே எங்களையே வரிசையாக டிராக்கில் விட்டு மெதுவாகச் சுற்றச் சொல்வார்கள். டயரால் மண்ணை மிதித்து இறுக்குவது. ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் உள்ளே, நடுவே, வெளியே என்று மாறி மாறிப் போக வேண்டும். இருபது வண்டி கால் மணி நேரம் இப்படிச் சுற்றினால் சேறு பளபளவென்று கெட்டித் தோல் போட்டுக்கொள்ளும். நாஸ்கார் மண்ணை விட்டது 1970-ல், ராலேயில். அதற்கு அப்புறம் 2021-ல்தான் பிரிஸ்டலில் கான்கிரீட் டிராக்கின் மேல் லாரி லாரியாக மண் கொட்டி மறுபடி முதன்மை ரேஸ் ஓட்டினார்கள். நடுவில் ஐம்பது வருஷம் அவர்களுக்குத் தார் சுகமாக இருந்திருக்கிறது. தாருக்கு யாரும் காலையில் எழுந்து தண்ணி ஊற்ற வேண்டாம்.

முதல் ரேஸ் 5 மணிக்கு. இரண்டு தகுதிச் சுற்று ரேஸ்கள், ஒவ்வொன்றும் 10 சுற்று, அப்புறம் 20 சுற்றில் இறுதி. எல்லாம் கூட்டினாலும் ஒரு நாளில் நான் உண்மையாக ஓட்டுவது கால் மணி நேரம்கூட இருக்காது.

குலுக்கலில் ஒன்பது வண்டிகளில் ஐந்தாவது இடம் வந்தது. டிராக் ஈரமாக, கனமாக இருந்தது. இந்த மண்ணில் ஓட்டுவது எனக்குத் தெரியும். முதல் வளைவு தொடங்கும் இடத்தில் உள்பக்கமாக வெள்ளை அடித்த ஒரு பழைய டயர் புதைத்திருக்கிறது. அதற்கு நேராக வந்ததும் ஆக்ஸிலேட்டரை விடு, ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டு. பின்பக்கம் வெளியே விசிறும். விசிறத் தொடங்கியதுமே ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பி, காலை மறுபடி அழுத்து. வண்டி மூக்கு உள்பக்கத்தைப் பார்த்தபடி, சக்கரம் வெளிப்பக்கத்தைப் பார்த்தபடி, மொத்தமாக நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். இடது பக்கம் போக வலது பக்கம் திருப்ப வேண்டும் என்பதை என் மூளை முதல் சீசன் முழுக்க ஏற்கவில்லை.

வண்டியும் அதற்குத் தகுந்த மாதிரி கோணலாகத்தான் இருக்கிறது. டிஃபரென்ஷியலைப் பற்ற வைத்துவிட்டோம், பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும். வலது பின் டயர் இடதைவிடச் சுற்றளவில் 5 சென்டிமீட்டர் பெரியது. பேப்பர் டம்ளரைப் படுக்கவைத்துத் தரையில் உருட்டிப் பாருங்கள், நேராகப் போகாது, வாய் பெரிதாக இருக்கிற பக்கம் வெளியே வர வட்டமடிக்கும். அதே கதைதான். இந்த வண்டியை நேர் ரோட்டில் ஓட்டினால் பிடிவாதமாக இடது ஓரம் போய் நிற்கும்.

அந்த ரேஸில் மூன்றாவதாக வந்தேன். அதில் பாதிப் பெருமை என்னைச் சேராது. முன்னால் போன ஒருவரின் வண்டியில் ரேடியேட்டருக்குள் சேறு அடைத்து ஆவி கிளம்பிவிட்டது. கம்பி வலை வழியாக வருகிற சேற்றுக்கு ஹெல்மெட் கண்ணாடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஐந்து ஒட்டியிருப்போம், மறைக்க மறைக்க ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட வேண்டும். மூன்றாவது சுற்றில் பதற்றத்தில் மூன்றை ஒன்றாகக் கிழித்துவிட்டேன். கடைசி இரண்டு சுற்றும் ஒரு நாலணா அளவு தெளிவான இடம் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தேன்.

"வண்டியும் வருது" என்றேன் மனைவியிடம். கண்ணாடி ஏறியது.

இரண்டு ரேஸுக்கும் நடுவே செய்கிற வேலை பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்: மண் சுரண்டுவது. சக்கர ரிம்மின் உள்பக்கம் ஒரு கைப்பிடி களிமண் ஒட்டினாலே போதும், சமநிலை போய் நேர்பாதையில் ஸ்டீயரிங் பல்லை ஆட்டிவிடும். சக்கர வளைவு, அடித்தகடு, சஸ்பென்ஷன் கை என்று எல்லா இடத்திலும் அப்பியிருக்கும். அது காய்வதற்குள் எடுக்க வேண்டும், காய்ந்துவிட்டால் உளிதான். தண்ணீர் பீய்ச்ச பிட்டில் அனுமதி இல்லை, எல்லார் காலடியும் சேறாகிவிடும். பெயின்ட் சுரண்டும் தகட்டோடு நான் மல்லாந்து படுத்துச் சுரண்ட, மகள் வாளியில் அள்ளினாள். விமானத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசை எங்கிருந்தோ கொண்டு வந்து ஒவ்வொரு வாளியாகத் தூக்கி நோட்டில் எழுதிக்கொண்டாள். மொத்தம் 31 கிலோ. எடையைக் குறைக்க மச்சான் டிக்கி மூடியின் உள்தகட்டை ஒரு முழு ஞாயிறு உட்கார்ந்து வெட்டி எடுத்தான், மிச்சமானது 3 கிலோ. அவன் அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ரேஸ் 7 மணிக்கு. விளக்குப் போட்டுவிட்டார்கள். நடுவில் வேறு வகுப்பு வண்டிகள் ஆறு ரேஸ் ஓடியிருந்தன. வெயிலும் காற்றும் அந்த டயர்களுமாகச் சேர்ந்து டிராக்கைக் காய வைத்துவிட்டன. இதை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். வாளியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பச்சைக் கொடி. வெள்ளை டயர். காலை விட்டேன், இடது பக்கம் வெட்டினேன், பின்பக்கம் விசிறியது. வலது பக்கம் திருப்பினேன். விசிறிக்கொண்டே இருந்தது. காலை அழுத்தினால் சக்கரம் எதையாவது பிடிக்க வேண்டும் அல்லவா, பிடிக்கவே இல்லை, எண்ணெய் தடவிய தட்டில் போகிற மாதிரி வழுக்கியது. வலையில் முதலில் சுவர் தெரிந்தது. அப்புறம் கூட்டம். அப்புறம் நடுப்புல். அப்புறம் என்னை நோக்கி வரும் ஏழு வண்டிகளின் மூக்கு. சுழல ஆரம்பித்தால் கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்து அப்படியே கிட என்பதுதான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். வண்டி ஒரே போக்கில் போய் நிற்கும், வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒதுங்குவார்கள். தப்பிக்கிறேன் என்று நடுவில் பிரேக்கை விட்டால் எந்தப் பக்கம் பாய்வோம் என்று நமக்கே தெரியாது. மிதித்தேன். கண்ணையும் மூடினேன், அது பாடத்தில் இல்லை. இரண்டு பக்கமும் சத்தம் கடந்து போனது, யாரும் தொடவில்லை. மஞ்சள் கொடி. சுழன்றவன் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். போனேன். மிச்சச் சுற்றுகளைப் பாட்டி மாதிரி ஓட்டி எட்டாவதாக முடித்தேன்.

"21.8, 21.6, 22" என்று நோட்டைப் படித்தாள் மகள். "நடுவுல ஒண்ணு 51 இருக்குப்பா, அது நீங்க சுத்துன சுத்து. அதைச் சராசரில சேக்கணுமா?"

இறுதிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மச்சான் டயரில் காற்றுக் குறைத்தான், ஆனால் அது மட்டும் போதாது என்று இருவருக்குமே தெரிந்தது. தண்ணி லாரிப் பெரியவர் வேலி ஓரம் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். நான் சுழன்றதைப் பார்த்தீர்களா என்றேன். பார்த்தாராம். அஞ்சு மணிக்கு ஓட்டின டிராக்கையே ஏழு மணிக்கும் ஓட்டினாய், அந்த டிராக் அங்கே இல்லை என்றார். அப்புறம் கையை நீட்டிக் காட்டினார்.

விளக்கு வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால் தெரிந்தது. உள்பக்கமும் நடுவும் கறுத்து, மெழுகு போட்ட மாதிரி மின்னியது. ஈரம் போன களிமண்ணை டயர்கள் தேய்த்து மெருகேற்றி, மேலே கொஞ்சம் ரப்பரும் பூசி வைத்திருந்தன. அந்த மெழுகிலிருந்து கிளம்பிய உதிரி மண் முழுவதும் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, சுவரிலிருந்து ஒரு வண்டி அகலத்துக்கு உள்ளே, வரப்பு மாதிரி நீளமாகக் குவிந்து கிடந்தது. குஷன் என்பார்கள். அது கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும். வலது பின் டயரை அந்த வரப்பில் சாய்த்து ஓட்டினால் அது தாங்கிக்கொள்ளும், வண்டி அதன் மேல் முதுகை வைத்து வளைவைச் சுற்றிவிடும். தூரம் அதிகம், ஆனால் வேகத்தை விட வேண்டாம். ஒரு அடி தப்பி வரப்புக்கு வெளியே போனால் சுவர்.

அந்த நேரம் ஓடிய வகுப்பில் பன்னிரண்டு பேரில் இருவர்தான் அங்கே ஓட்டினார்கள். அந்த இருவரும்தான் முன்னால் இருந்தார்கள். இரண்டு சீசனாக இங்கே வருகிறேன், இதை ஒரு தடவைகூட இப்படி நின்று பார்த்ததில்லை. ரேஸ் என்றால் பக்கத்து வண்டியோடு போட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இறுதியில் 16 வண்டிகள், எனக்கு 13-ஆவது இடம். இரண்டாவது கியரை மறந்துவிட்டு மூன்றாவதிலேயே ஓட்டுவது என்று முடிவு செய்தோம். சக்கரத்துக்குப் போகிற இழுவை குறையும், காலை அழுத்தினாலும் சட்டென்று சுழலாது. வெள்ளை டயருக்கு மூன்று வண்டி நீளம் முன்பாகவே காலை விட்டேன். முதல் நாலு சுற்று ரொம்ப அசிங்கமாக இருந்தது. மேலே போனால் வரப்பு எங்கே என்று தெரியவில்லை, புழுதி. ஐந்தாவது சுற்றில் வலது பின்பக்கம் எதிலோ மெத்தென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்த நொடி வண்டி வழுக்குவதை நிறுத்தியது. தவறி அழுத்திவிட்டேனோ என்று காலைப் பார்த்தேன், இல்லை, சரியாகத்தான் அழுத்தியிருந்தேன். வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கத்தில் சக்கரம் சுழன்று முனகிக்கொண்டிருந்த இரண்டு வண்டிகளை அப்படியே கடந்தேன்.

அடுத்த பத்துச் சுற்றில் இன்னும் மூன்று பேர். நாஸ்கார் கீஸ்கார் எல்லாம் மறந்துவிட்டது, அந்த வரப்பு ஒன்றுதான் உலகத்தில் இருந்தது. சுற்றுக்குச் சுற்று அது ஒரு விரற்கடை வெளியே நகர்ந்துகொண்டிருந்தது, ஏனென்றால் நாங்களே அதைத் தள்ளிக்கொண்டிருந்தோம். 12-ஆம் நம்பர் முன்னால் நாலு வண்டி நீளத்தில். அவரும் மேலேதான் ஓட்டினார். ஒரே வரப்பில் இரண்டு பேர் ஓட்டினால் பின்னால் வருகிறவனுக்கு அவர் உடைத்த மிச்சம்தான். 17-ஆவது சுற்றில் அவரைவிட இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு ஞானம் உதித்தது.

வரப்பு முடிந்துவிட்டது. பின்பக்கம் சுவரில் உரசியது, நீளமாக, தகரக் கூரையை இழுத்துக்கொண்டு ஓடுகிற சத்தம். வண்டி நிமிர்ந்தது, நின்றுவிடவில்லை. ஆனால் பின்னால் இருந்த ஒருவர் உள்ளே புகுந்து போய்விட்டார். ஒன்பதாவதாக முடித்தேன். 12-ஆம் நம்பர் ஏழாவது. இறங்கிப் பார்த்தால் வலது பின் தகடு அடுப்புக்கரி மாதிரி கறுத்து நெளிந்திருந்தது, அந்தப் பக்கக் கதவில் மகள் வரைந்த எங்கள் நம்பர் 47-இல் 4-ஐக் காணோம்.

"இனிமே நாம 7-ஆப்பா?" என்றாள்.

கண்ணாடி இறங்கியது. கேள்வி வருவதற்குள் மச்சான் முந்திக்கொண்டான்: "வண்டி முக்கால்வாசி வந்திருக்குக்கா."

இரவு பதினொன்றரைக்குப் பெல்ட்டைக் கழற்றித் தூசி தட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டு 12-ஆம் நம்பரிடம் போனேன். டார்ச் வெளிச்சத்தில் அவர் தன் வண்டி அடியில் மண் சுரண்டிக்கொண்டிருந்தார். என் ஒன்பதாவது இடத்தைக் கேட்டு, சுவரைக் கேட்டு, நன்றாகச் சிரித்தார். தானும் போன சீசனில் அதே இடத்தில்தான் உரசினாராம். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பும்போது ஏதோ தோன்றி, மடிப்பைப் பிரித்து டார்ச்சில் லேபிளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வண்டிக்குள் தலையை விட்டுத் தன் பெல்ட்டின் லேபிளையும் தேடிப் பார்த்தார். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து வாங்கினாராம். இந்த மாதக் கடைசியோடு இரண்டுமே முடிகிறது.